குடும்பத்தோடு ஒரு நாள்: எந்தக் கல்விப் பாதையில் நடக்கலாம்?

விடுமுறை நாளில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போக வேண்டும், போன இடத்தில் அவர்கள் எதையாவது தெரிந்துகொண்டு திரும்ப வேண்டும் என்று விரும்பும் பெற்றோருக்கு இன்று வாய்ப்புகள் நிறைய. காட்டோரம், பூங்கா, ஏரிக்கரை, பாறைக்குன்று என்று பல இடங்களில் நடந்துகொண்டே கற்கும் பாதைகளை அமைத்திருக்கிறார்கள். ஒன்றில் வழிநெடுகப் பலகைகள். இன்னொன்றில் வழிகாட்டி கூடவே வருகிறார். மூன்றாவதில் கைப்பேசியை நீட்டினால் மரத்தின் கதை காதில் கேட்கிறது. நான்காவதில் நுழைவாயிலிலேயே ஒரு வினாத்தாளும் பென்சிலும் கையில் தருகிறார்கள். விளம்பரத்தில் எல்லாமே ‘குழந்தைகள் பங்கேற்று மகிழலாம்’ என்றுதான் சொல்கின்றன. அந்த ஒரு வரியை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

இந்த நான்கையும், அவற்றோடு கோள்களின் தூரத்தையும் பூமியின் வயதையும் காலால் அளக்கும் அளவுப் பாதைகளையும் இங்கே ஒப்பிடுகிறேன். என் அளவுகோல் ஒன்றே ஒன்று. ஒரு நிறுத்தத்தில் கேள்வி எழுந்தால், அதற்கு விடை எங்கே இருக்கிறது? பலகையில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா, அங்கே நிற்கும் மரத்திலும் கல்லிலும் நீரிலும் இருக்கிறதா? விடை மரத்தில் இருந்தால் குழந்தை மரத்தைப் பார்க்கும். விடை பலகையில் இருந்தால் பலகையைப் பார்க்கும். பலகையைப் பார்ப்பதற்காக யாரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இந்த அளவுகோலுக்கு ஒரு நூற்றாண்டு வயதாகிறது. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஃபிராங்க் லட்ஸ், 1925-இல் நியூயார்க் மாநிலத்தின் டக்சீடோ பகுதிக் காட்டில் இரண்டு பாதைகளை அமைத்தார். முதல் பாதையில், வழியோரச் செடிகளுக்கும் மரங்களுக்கும் அருகே சீட்டுகளில் விளக்கம் எழுதித் தொங்கவிட்டிருந்தார். அது பயிற்சிப் பாதை. இரண்டாவது பாதையில் கேள்விகள் காத்திருந்தன. அது சோதனைப் பாதை. முதல் பாதையில் அறிந்ததை வைத்து இரண்டாவதில் நடப்பவர் தாமே கண்டு சொல்ல வேண்டும். பின்னால் உலகெங்கும் அமைந்த பாதைகளில் பெரும்பாலானவை அவருடைய முதல் பாதையை மட்டும் பின்பற்றின. இரண்டாவதை மறந்துவிட்டன. எனக்கு அந்த இரண்டாவது பாதைதான் முக்கியம்.

பலகைப் பாதை

எங்கும் கிடைப்பது இதுதான். செலவு குறைவு, முன்பதிவு வேண்டாம், நினைத்த நேரத்தில் நுழையலாம், பிடிக்காத நிறுத்தத்தைத் தாண்டிப் போகலாம், குழந்தை அழுதால் உடனே திரும்பிவிடலாம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்தச் சுதந்திரம் பெரிய விஷயம்.

ஆனால் பெரும்பாலான பலகைகளை எழுதுபவர்கள் பெரியவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு மேலே, ஐந்து பத்தி, தாவரவியல் பெயர்கள், அடியில் நன்றியறிவிப்பு. அப்பா நின்று சத்தமாகப் படிப்பார். பிள்ளை அதற்குள் அடுத்த வளைவுக்கு ஓடியிருக்கும். இதில் பிள்ளையின் தவறு எதுவும் இல்லை. கால் நடக்கச் சொல்கிறது, எழுத்து நிற்கச் சொல்கிறது. அந்த வயதில் கால்தான் வெல்லும்.

இதைச் சரிசெய்யத்தான் மூடி திறக்கும் பலகைகளும், சுழற்றும் சக்கரங்களும், பொத்தானை அழுத்தினால் பறவை கூவும் பெட்டிகளும் வந்தன. இவற்றைப் பார்த்துத்தான் பலரும் டிக்கெட் வாங்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இந்தத் தடம் யாருடையது?’ என்று எழுதிய மூடியைத் திறந்தால் உள்ளே ‘நரி’ என்று இருக்கும். ஒரு நிறுத்தத்தில் ஆறு மூடிகள் இருந்தால் குழந்தை ஆறையும் சில நொடிகளில் திறந்து மூடிவிட்டு அடுத்ததற்கு ஓடும். கை வேலை செய்தது, கண்ணும் மூளையும் வேலை செய்யவில்லை. யோசிப்பதற்கு முன்பே விடை கிடைத்துவிடுவதால் யோசிக்க வேண்டிய தேவையே எழவில்லை. அதே தடத்தை ஈரமண்ணில் பதிக்க ஒரு மர அச்சும், பக்கத்தில் சமன்செய்த மணல்பரப்பும் வைத்திருந்தால் கதையே வேறு. பதித்த தடத்தில் எத்தனை விரல், நகம் தெரிகிறதா இல்லையா என்று பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள். நாய், நரி வகைகளின் தடத்தில் நகக்குறி பெரும்பாலும் தெரியும். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் பெரும்பாலும் தெரியாது. இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை, பாதையின் மீதி நீளம் முழுக்க உண்மையான தடத்தைத் தேடிக்கொண்டே வரும்.

நல்ல பலகைப் பாதையை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. பலகையைப் படிப்பவர் தலையை நிமிர்த்தினால், பலகை பேசும் பொருள் நேர் எதிரே தெரிய வேண்டும். பலகைக்குப் பின்னால் வெறும் புதர் இருந்தால், அல்லது பலகை சொல்லும் மரம் எப்போதோ விழுந்துவிட்டிருந்தால், அந்தப் பாதையைக் கவனிக்க ஆளில்லை என்று பொருள். போவதற்கு முன்பே, பார்வையாளர்கள் வெளியிட்ட படங்களில் இதைச் சரிபார்த்துவிடலாம். பலகை எந்தெந்த மொழிகளில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பாட்டிக்குப் படிக்க முடியாத மொழியில் எல்லாப் பலகைகளும் இருந்தால், அன்று முழுவதும் அவர் வேடிக்கை பார்ப்பவராக மட்டுமே நடக்க நேரும்.

வழிகாட்டியோடு நடப்பது

அன்றைக்கு அங்கே என்ன நடக்கிறதோ அதைக் காட்டக்கூடியவர் வழிகாட்டி ஒருவரே. பலகை எழுதிய நாளிலேயே நின்றுவிடுகிறது. காலையில் விழுந்த எச்சம், புதிதாகக் கட்டிய கூடு, பட்டுப்போன கிளையில் முளைத்த காளான் ஆகியவற்றைப் பற்றிப் பலகைக்கு எதுவும் தெரியாது. நல்ல வழிகாட்டி முதல் பத்து நிமிடத்தில் குழந்தைகளின் முகங்களைப் படித்துவிட்டு, தான் சொல்ல நினைத்ததில் பாதியைக் கைவிட்டுவிடுவார்.

இரவு நடைகளுக்கு வழிகாட்டியை விட்டால் வேறு வழியில்லை. வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கேற்றி விட்டிற்பூச்சிகளை வரவழைப்பதும், வௌவாலின் ஒலியைக் கருவி மூலம் கேட்பதும் தனியே போகும் குடும்பத்துக்கு எளிதல்ல. மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பெரும்பாலான வௌவால்கள் எதிரொலிக்காக எழுப்பும் ஒலி அதற்கும் மேலே இருக்கிறது. கருவி அதை நாம் கேட்கும் அளவுக்கு இறக்கித் தருகிறது. வயது ஏற ஏற உயர் அதிர்வெண்கள்தான் முதலில் காதைவிட்டுப் போகின்றன. அதனால் சில பூச்சிகளின் ரீங்காரம் பேத்திக்குக் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காது. “அதோ கத்துகிறதே தாத்தா!” என்று பேத்தி சொல்ல, தாத்தா காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, அந்த இடத்தில் பாடம் தானாகவே நடந்துவிடுகிறது. அன்று பேத்திதான் வழிகாட்டி.

குறை என்னவென்றால், வேகத்தையும் நேரத்தையும் இன்னொருவர் முடிவு செய்கிறார். கூட்டம் பெரிதாக இருந்தால் பின்னால் நிற்பவருக்கு எதுவும் காதில் விழாது. நான்கு வயதுக் குழந்தை ஒரே இடத்தில் நின்று கேட்பது கடினம். காது மந்தமான பெரியவர்களுக்கு, காற்றடிக்கும் திறந்தவெளியில் நடந்துகொண்டே பேசும் குரல் எட்டாது. எனவே முன்பதிவு செய்யும் முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள். ஒரு குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? குழந்தைகள் தொடவும் எடுத்துப் பார்க்கவும் அனுமதி உண்டா? நடுவில் பிரிந்து திரும்ப முடியுமா? மூன்றாவது கேள்விக்கு ‘முடியாது’ என்று பதில் வந்தால், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையை அழைத்துக்கொண்டு போக வேண்டாம் என்பதே என் கருத்து.

கைப்பேசிப் பாதை

கியூஆர் குறியீடு 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், கார் உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக உருவானது. இன்று அது மரத்தடியிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. பலகையில் இடம் போதாமல் விட்டதையெல்லாம் அதற்குள் வைக்கலாம் என்பதே அதன் பலமும் பலவீனமும். ஒலியாக வந்தால் நல்லது. காது கேட்டுக்கொண்டிருக்கும்போது கண் சும்மா இருப்பதில்லை, சுற்றிலும் பார்க்கும். படமாகவோ காணொளியாகவோ வந்தால், நண்பகல் வெயிலில் திரையை நிழலில் மறைத்துக்கொண்டு எல்லோரும் அதற்குள் தலையை நுழைக்க வேண்டியதுதான். திரையில் உருவாக்கப்பட்ட கரடி மரத்தடியில் நிற்பதாகக் காட்டும் செயலிகளும் வந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் கரடி நினைவில் நிற்கும், மரம் நிற்காது.

ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள் என்ற கணக்கையும் மறக்க வேண்டாம். யார் பிடிப்பது என்ற சண்டையிலேயே நிறுத்தங்கள் கழிந்துவிடும். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். தேவையானதை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்வது நல்லது.

கைப்பேசியை வைத்துச் செய்வதில் எனக்கு மனமாரப் பிடித்தது ஒன்று உண்டு: புதையல் தேடல். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை நிறுத்தியது. அடுத்த ஓரிரு நாட்களிலேயே, மே 3 அன்று, ஒருவர் ஓரிகான் மாநிலக் காட்டில் ஒரு வாளியைப் பாதி புதைத்துவைத்து அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை இணையத்தில் வெளியிட்டார். ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு அங்கிருந்துதான் தொடங்கியது. இதை மற்றக் கைப்பேசிப் பாதைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது ஜிபிஎஸ்ஸின் குறைபாடுதான். திறந்த வானத்தின் கீழேகூடக் கைப்பேசி சுமார் ஐந்து மீட்டர் துல்லியத்தோடுதான் இடத்தைக் காட்டும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே இன்னும் மோசமாகும். ஆகவே அந்த வட்டத்துக்குள் வந்ததும் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, கல்லுக்கு அடியிலும் வேர்ப்பொந்திலும் கண்ணால்தான் தேடியாக வேண்டும். கருவி வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட, ‘நடக்கப் போகலாமா’ என்று கேட்டாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பொந்துக்குள் கைவிடும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பார்க்கப் பழக்குங்கள்.

பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகளும் இதே போன்றவை. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி அவற்றில் ஒன்று. ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, பறவையைத் தேடும் வேலையை உங்களிடமே விட்டுவிடுகிறது. ஆனால் பதிவுசெய்த குரலைச் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொரு பறவை புகுந்துவிட்டதென்று அது பதறி ஓடிவரும். கூடுகட்டும் காலத்தில் அந்தப் பதற்றம் முட்டைக்கும் குஞ்சுக்கும் கேடு.

வினாத்தாளும் முத்திரையும்

லட்ஸின் இரண்டாவது பாதையின் வாரிசு இதுதான். நுழைவாயிலில் ஒரு தாள், ஒரு பென்சில், முடிந்தால் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஓர் அளவு நாடா. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வேலை. வெவ்வேறு வயதுள்ள பிள்ளைகளும் பாட்டி தாத்தாவும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். காரணம், இதில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. படிக்கத் தெரிந்த அக்கா கேள்வியைப் படிப்பாள், தம்பி ஓடிப்போய்த் தேடுவான், பாட்டி இலையை முகர்ந்து பார்த்துப் பெயர் சொல்வார்.

ஆனால் கேள்வியின் தரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ‘இந்த மரத்தின் பெயர் என்ன?’ என்பது மோசமான கேள்வி. விடை பக்கத்துப் பலகையில் இருக்கும், பார்த்து எழுதிவிட்டு ஓடிவிடலாம். ‘இந்த மரத்தின் பட்டையில் காகிதத்தை வைத்து மெழுகுக் கிரேயானால் தேய், அடுத்த மரத்திலும் தேய், இரண்டுக்கும் என்ன வேறுபாடு?’ என்பது நல்ல கேள்வி. ‘மரத்தின் வடக்குப் பக்கத்தில்தான் பாசி வளரும் என்கிறார்கள். திசைகாட்டியை வைத்து ஐந்து மரங்களில் சரிபார்’ என்பது இன்னும் நல்ல கேள்வி. பாசி திசையைப் பார்த்து வளர்வதில்லை, ஈரத்தையும் நிழலையும் பார்த்து வளர்கிறது. ஆகவே சில மரங்களில் அந்தப் பழைய நம்பிக்கை சரியாக வரும், சிலவற்றில் உதைக்கும். ஊரே சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தன் கண்ணால் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றுவதைவிட அந்த நாளில் வேறென்ன வேண்டும்!

மரப்பட்டையில் படர்ந்திருக்கும் லைக்கன்களும் (பூஞ்சையும் நுண்பாசியும் சேர்ந்து வாழும் உயிர்கள்) அப்படித்தான். காற்றில் கந்தக டை ஆக்சைடு அதிகமானால் புதர்போல் கிளைத்து வளரும் வகைகள் முதலில் மறைகின்றன. பட்டையோடு ஒட்டிக் கிடக்கும் மேலோடு போன்ற வகைகளில் சில மட்டும் தாங்கி நிற்கின்றன. சாலையோர மரத்திலும் காட்டின் உள்ளே உள்ள மரத்திலும் எந்த வகை இருக்கிறது என்று வரைந்து பார்க்கச் சொன்னால், காற்றின் தூய்மையைப் பற்றி ஒரு பாடப்புத்தகப் பக்கம் செய்யாததை அந்தப் பட்டை செய்துவிடும்.

மரத்தின் உயரத்தை ஏறாமலே அளப்பது எல்லா வயதினருக்கும் பிடித்த வேலை. கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து மூடிய கைவரை உள்ள நீளத்துக்குச் சமமாக ஒரு குச்சியை அந்தக் கைக்கு மேலே செங்குத்தாக நிற்கும்படி பிடிக்க வேண்டும். மரத்தின் அடியும் நுனியும் குச்சியின் அடிக்கும் நுனிக்கும் சரியாகப் பொருந்தும்வரை பின்னால் நகர வேண்டும். சமதரையாக இருந்தால், அங்கிருந்து மரத்துக்கு உள்ள தூரமே ஏறத்தாழ மரத்தின் உயரம். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு அப்பா ஒரு முனையிலும் மகள் மறுமுனையிலும் நடக்கும்போது வடிவொத்த முக்கோணத்தை யாரும் பெயர் சொல்லி அழைக்க வேண்டியதில்லை.

முத்திரை குத்தும் பாதைகளில் ஓர் ஆபத்து இருக்கிறது. பத்து முத்திரை சேர்த்தால் ஒரு பேட்ஜ் என்றால், பேட்ஜுக்கான ஓட்டப்பந்தயமாக அது மாறிவிடும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் ஜூனியர் ரேஞ்சர் திட்டம் இதற்கு ஒரு நல்ல மாற்று வைத்திருக்கிறது. பிள்ளை தன் கையேட்டை முடித்ததும் பூங்கா ஊழியரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் அதைப் பார்த்து, பேசி, உறுதிமொழி ஏற்கச் செய்து பேட்ஜைத் தருகிறார். முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர், தான் பார்த்ததைப் பற்றித் தன்னிடம் அக்கறையோடு கேட்கிறார் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குச் சாதாரண அனுபவமல்ல. நீங்கள் போகும் பாதையில் முடிவில் யாராவது ஒருவர் தாளைப் பார்க்கிறாரா என்று விசாரித்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த வேலையைத் தாத்தாவிடம் கொடுங்கள்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் தனியே ஒரு வகை உண்டு. ஓரியன்டீரிங் எனப்படும் வரைபட விளையாட்டு வேரூன்றிய ஸ்வீடன் போன்ற நாடுகளில், சிறுவர்களுக்காகத் தரையை ஒட்டி ஒரு நூலைக் கட்டிப் பாதை அமைக்கிறார்கள். குழந்தை நூலைப் பிடித்துக்கொண்டே போய், ஒவ்வொரு புள்ளியிலும் தன் அட்டையில் துளையிடுகிறது. வழி தவறாது, பெரியவர் முன்னால் போக வேண்டியதும் இல்லை. பார்வையற்றோருக்காகக் கயிறு கட்டி பிரெய்ல் பலகைகள் வைத்த பாதைகளும் இதே முறையில் அமைந்தவை. அத்தகைய பாதையில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கும் பிள்ளைக்குக் காட்டின் வாசனையும் கால்தரையின் மாற்றமும் முதன்முறையாகப் புலப்படும். கூட்டமில்லாத நேரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள், அந்தக் கயிறு தேவைப்படுவோர் வந்தால் உடனே வழிவிடுங்கள்.

தூரமும் காலமும்: அளவுப் பாதைகள்

மேலே சொன்ன நான்கும் கண்ணெதிரே உள்ளதைக் காட்டுபவை. அளவுப் பாதை, கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்றைக் காலால் உணரச் செய்கிறது. இங்கே விடை உடம்பில் இருக்கிறது. அதனால் என் அளவுகோலில் இது மிக உயர்ந்து நிற்கிறது. ஆனால் எந்த அளவில் அமைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் போனால் நாள் வீணாகிவிடும்.

சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரை ஒட்டிய ஊட்லிபெர்க் மலைமுகட்டில் 1979 முதல் ஒரு கோள் பாதை இருக்கிறது. அளவு ஒன்றுக்கு நூறு கோடி. அதாவது ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் கிலோமீட்டர். அந்த அளவில் சூரியனின் விட்டம் 1.4 மீட்டர், பூமி 1.3 சென்டிமீட்டர், இரண்டுக்கும் நடுவே 150 மீட்டர். நிலா பூமியிலிருந்து 38 சென்டிமீட்டரில். வியாழன் 778 மீட்டரில், சனி 1.4 கிலோமீட்டரில் வருகிறது. அதன் பிறகு யுரேனஸுக்கு 2.9 கிலோமீட்டர், நெப்டியூனுக்கு 4.5. சனியைத் தாண்டினால் ஒன்றரை கிலோமீட்டருக்கு எதுவுமே இல்லை. ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்ற கேள்வி அங்கேதான் எழும். அந்தச் சலிப்புதான் பாடம், சூரியக் குடும்பத்தில் இருப்பது பெரும்பாலும் வெற்றிடம். ஒன்பது, பத்து வயதுக்கு மேல் இது மறக்க முடியாத நடை. ஐந்து வயதுக் குழந்தைக்கு வெறும் களைப்பு.

சிறு குழந்தைகள் உள்ளவர்கள் சுருங்கிய அளவுள்ள பாதையைத் தேடுங்கள். அமெரிக்காவின் இத்தாக்கா நகரில் வானியலாளர் கார்ல் சாகன் நினைவாக 1997-இல் அமைந்த பாதையின் அளவு ஒன்றுக்கு ஐந்நூறு கோடி. சூரியனிலிருந்து பூமி 30 மீட்டர், நெப்டியூன் 900 மீட்டர். வாஷிங்டனில் 2001-இல் திறக்கப்பட்ட பாதை இன்னும் சிறியது: ஒன்றுக்கு ஆயிரம் கோடி. நெப்டியூனுக்கே 450 மீட்டர்தான். ஆனால் அங்கே பூமி ஒரு மில்லிமீட்டர் சொச்சம், குண்டூசித் தலையளவு. இதே அளவில் சூரியனுக்கு மிக அருகே உள்ள நட்சத்திரத்தை வைக்க வேண்டுமென்றால் 4,000 கிலோமீட்டர் போக வேண்டும். இதைக் கடைசிப் பலகையில் நின்று சொல்லுங்கள், பிள்ளைகள் வாயடைத்துப்போவார்கள். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமின் உருண்டை அரங்கத்தையே சூரியனாக வைத்து ஒன்றுக்கு இரண்டு கோடி அளவில் ஒரு மாதிரி இருக்கிறது. புளூட்டோ சுமார் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் அது நடைக்கானதல்ல.

நூறு கோடி அளவுப் பாதையில் செய்துபார்க்க வேண்டிய ஒன்று. சூரிய ஒளி பூமிக்கு வர 8 நிமிடம் 20 நொடி ஆகிறது. மாதிரியில் 150 மீட்டரை அதே நேரத்தில் கடக்க வேண்டுமானால் நொடிக்கு 30 சென்டிமீட்டர்தான் நகர வேண்டும். ஒளியின் வேகத்தில் நடக்கச் சொல்லி ஒரு போட்டி வையுங்கள். அவ்வளவு மெதுவாக நடக்கப் பிள்ளைகளால் முடியாது, வழக்கமாக நடந்தாலே ஒளியை முந்திவிடுவார்கள். பிரபஞ்சத்தில் எதைவிடவும் வேகமான ஒன்று, இந்தத் தூரங்களுக்கு முன் தவழ்கிறது என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட இது எளிது.

காலத்தை அளக்கும் பாதைகளில் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென்விளிம்பில் 2010-இல் அமைந்ததை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஒரு மீட்டர் பத்து லட்சம் ஆண்டு. பள்ளத்தாக்கின் பாறை மாதிரிகளைத் தொட்டுப் பார்க்கலாம், ஒவ்வொன்றும் தன் வயதுக்குரிய தூரத்தில் நிற்கிறது. கொலராடோ ஆறு பள்ளத்தாக்கைக் குடைந்தெடுத்த காலம் ஏறத்தாழ ஆறு மீட்டர். டைனோசர்கள் 66-ஆவது மீட்டரில் மறைகின்றன. மிகப் பழைய பாறைக்கு 1.8 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். மனித இனத்தின் மூன்று லட்சம் ஆண்டு வரலாறு 30 சென்டிமீட்டர், ஒரு காலடிகூட இல்லை. கோள் பாதையோடு ஒப்பிட்டால் இதற்கு ஒரு கூடுதல் பலம் உண்டு: பாறை கையில் தட்டுப்படுகிறது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், சிறியவர்களோடு போகும்போது காலப் பாதையையும், பதின்வயதினரோடு போகும்போது கோள் பாதையையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

நேரம், நிழல், வழி

பாதை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பலகையில் போட்டிருப்பதை நம்பிக் கிளம்ப வேண்டாம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கின்படி ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணிநேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணிநேரம். அது நிற்காமல் நடக்கும் திடகாத்திரமான பெரியவருக்கு. குழந்தைகளோடு போகும்போது மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, உண்மையான ஈடுபாடு தரும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஆறு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோமீட்டர், பத்து நிறுத்தம் என்றால் இரண்டு மணிநேரம், இளைப்பாற இன்னும் இருபது நிமிடம். ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு அதுவே உச்சவரம்பு.

போன வழியே திரும்பும் பாதையைவிடச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடியும் பாதை எப்போதும் மேல். ஒருமுறை பார்த்ததைக் களைத்த காலோடு மறுபடி பார்க்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது. நடுவில் குறுக்குவழி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ உண்டென்றால் ‘எல்லோருக்கும் ஏற்றது’ என்ற சொல் போதாது. படிகள் உண்டா, தரை சரளையா கெட்டியா, மிகக் குறுகிய இடத்தின் அகலம் என்ன என்று தொலைபேசியில் கேளுங்கள். உட்கார இருக்கைகளும் கழிப்பறையும் எங்கெங்கே என்பது பெரியவர்களுக்கு எந்தப் பலகையையும்விட முக்கியம். சிவப்பு, பச்சை அம்புகளால் மட்டும் வழி குறித்திருக்கும் இடங்களில், அந்த இரு நிறங்களையும் பிரித்தறிய முடியாத பிள்ளை குழம்பிப்போகும். இந்தக் குறைபாடு பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் பல மடங்கு அதிகம். சில வேளைகளில் இப்படியொரு இடத்தில்தான் வீட்டாருக்கே அது முதலில் தெரியவருகிறது.

ஆக, பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் போகிறீர்கள் என்றால் வினாத்தாள் பாதை. குழந்தை ஒன்றுதான், அதுவும் கேள்வி கேட்டே துளைக்கும் குழந்தை என்றால் சிறு குழுவாக அழைத்துப் போகும் வழிகாட்டி. பதின்வயதினர் என்றால் ஜியோகேச்சிங், அல்லது நீளமான கோள் பாதை. மூன்று வயதுதான் ஆகிறதென்றால் நூல் பாதை, அதுவும் அரைமணி நேரம் போதும். வேறெதுவும் எட்டாதபோது பலகைப் பாதைக்குப் போங்கள். ஆனால் பலகையைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் மரத்தைப் பார்த்து, ‘இங்கே என்ன எழுதியிருப்பார்கள்?’ என்று பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு படித்தால், சொல்லும் பாதையைக் கேட்கும் பாதையாக நீங்களே மாற்றிவிடலாம்.

பக்கத்தில் எந்தப் பாதையும் இல்லையென்றால் லட்ஸ் செய்ததை நீங்களே செய்யலாம். நாலைந்து மரங்களும் கொஞ்சம் புதரும் உள்ள, அனுமதி பெற்ற எந்தத் திறந்தவெளியும் போதும். முந்தைய நாள் பெரிய பிள்ளைகளை அழைத்துப்போய் எட்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, இடத்துக்கு ஒரு கேள்வியாகச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். விடை அந்த இடத்திலேயே கண்ணுக்கோ கைக்கோ கிடைக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. கேள்வி எழுதுபவர்கள்தான் அதிகம் கற்பார்கள் என்பதால் சிறியவர்களுக்கும் இரண்டு சீட்டுகளை ஒதுக்குங்கள். ஆணி அடிக்காமல் பருத்தி நூலால் கட்டுங்கள். நைலான் நூல் பறவைகளின் காலில் சிக்கும். முடிந்ததும் எண்ணிப் பார்த்து எட்டுச் சீட்டுகளையும் அவிழ்த்து எடுத்து வந்துவிடுங்கள்.